எம்கேட் தேர்வை விட்டுவிடுங்கள், மகள் பயிற்சிக் குழுவில் சேரட்டும்

டெக்சாஸிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அங்கேயே பிறந்து வளர்ந்த மகள், ஒரு சிறிய கல்லூரியில் உயிரியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணியிலும் இருக்கிறாள். ஆனால் களத்தில் இறங்கும் நிமிடங்கள் குறைவு. மருத்துவக் கல்லூரியில் சேர்வதற்கான எம்கேட் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு பார்த்து வைத்திருக்கும் வேளையில், “எனக்கு மருத்துவம் வேண்டாம், ஏதாவது ஒரு கல்லூரி அணியின் பயிற்சிக் குழுவில் சேரப் போகிறேன்” என்று சொல்லிவிட்டாள். கோயம்புத்தூரில் இருக்கும் பெரியப்பா, “பந்து விளையாடவா அவ்வளவு தூரம் போனீர்கள்?” என்று தொலைபேசியில் கேட்டாராம். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

அம்மா, பிள்ளை நிலையான வேலையில் அமர வேண்டும் என்ற உங்கள் தவிப்பு நியாயமானது. அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் எப்படியாவது அவளை மருத்துவப் படிப்புக்கே அனுப்ப நினைக்கும் உங்கள் முடிவு தவறு. அதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பணம். அமெரிக்காவில் தனியார் மருத்துவக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் படித்து முடிக்கக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து 3 லட்சம் டாலரை எளிதில் தாண்டும். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு, பட்ட மேற்படிப்புக்கு மத்திய அரசு தந்துவந்த ‘கிராட் பிளஸ்’ கடன் கிடையாது. மருத்துவ மாணவருக்கான மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்ற வரம்புக்குள் வந்துவிட்டது. மீதியைத் தனியார் வங்கியில் வாங்க வேண்டும். அதற்கு நீங்களும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். மருத்துவராகியே தீருவேன் என்று நிற்கும் பிள்ளைக்கு இந்தச் சுமையைத் தாராளமாக ஏற்கலாம். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லும் பிள்ளையின் தலையில் இதை ஏற்றக் கூடாது. நான்கு ஆண்டுப் படிப்பு, அதன்பின் குறைந்தது மூன்று ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. மனமில்லாமல் ஏழு ஆண்டுகளை யாரால் தள்ள முடியும்?

“தேர்வை மட்டுமாவது எழுதி வைக்கட்டுமே” என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். எம்கேட் மதிப்பெண்ணைப் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஏற்பதில்லை. இருபத்தாறு வயதில் அவளுக்கே மருத்துவ ஆசை வந்தால் அப்போது மறுபடி எழுதத்தான் வேண்டும். இப்போது எழுதினால், கையில் இருக்கும் கடைசிப் பருவத்தின் மாதங்கள் வீணாகும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பெஞ்சில் உட்கார்ந்தபடியே எதிரணி ஆடும் ஆட்டங்களைக் குறிப்பேட்டில் கட்டம் போட்டு வரைகிறாள், இடைவேளையில் துணைப் பயிற்சியாளர் அந்த நோட்டை வாங்கிப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கோ அவளுடைய வேலை எதுவென்பது அந்த வரியில்தான் தெரிந்தது.

பயிற்சிக் குழு என்றதும் ஓரமாக நின்று கத்தும் தலைமைப் பயிற்சியாளர் ஒருவரே நம் கண்முன் வருகிறார். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பில், டிவிஷன் 1 என்ற மேல்மட்டப் பிரிவின் விதிப்படி 2023 ஜூலை முதல் ஒரு பெண்கள் அணி, தலைமைப் பயிற்சியாளருடன் ஐந்து துணைப் பயிற்சியாளர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். அவர்களில் புதிதாகச் சேர்க்கப்பட்ட இரண்டு இடங்களில் இருப்பவர்களும் களத்தில் பயிற்சி தரலாம். அந்த விதி வந்தபோது, வெளியூர் சென்று வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்க மட்டும் அவர்களுக்கு அனுமதி தரப்படவில்லை. இவர்களைத் தவிரப் பயணத்தையும் வரவுசெலவையும் பார்க்கும் நிர்வாகி, உடற்பயிற்சி வல்லுநர், காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் டிரெய்னர் என்று ஒரு பட்டாளமே உண்டு. மூன்று டிவிஷன்களிலும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் பெண்கள் அணி இருக்கிறது. உங்கள் மகள் பார்க்க வேண்டியது இந்தக் குழுவில் யாரும் கவனிக்காத நாற்காலி ஒன்றை: வீடியோ ஒருங்கிணைப்பாளர். சிறிய கல்லூரிகளில் இந்த வேலை பெரும்பாலும் முதுகலை படித்துக்கொண்டே பணியாற்றும் உதவியாளர் கையில் இருக்கும். அங்கே அவர்களை ஜி.ஏ. (கிராஜுவேட் அசிஸ்டென்ட்) என்றே அழைப்பார்கள்.

அந்த நாற்காலியில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சனிக்கிழமை போட்டி என்றால், எதிரணியின் கடைசி நான்கைந்து ஆட்டங்கள் முந்தைய வாரமே அவர் கணினியில் இருக்கும். பந்து கைமாறும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டாக வெட்டப்படும். எல்லைக் கோட்டிலிருந்து பந்து உள்ளே வரும் துண்டுகள் ஒரு பக்கம், டைம்-அவுட் முடிந்த உடனே ஆடியவை ஒரு பக்கம், திரை போட்டு (தடுப்பவளின் வழியைச் சக வீராங்கனை மறித்து நிற்க) வலப்புறம் பாய்ந்தவை, இடப்புறம் பாய்ந்தவை என்று தனித்தனியே பிரிப்பார். உதாரணமாக, எதிரணியில் பந்தைத் தட்டிக்கொண்டு வரும் ‘கார்டு’ வீராங்கனை தலைக்கு மேல் கைமுஷ்டியை உயர்த்துகிறாள். உடனே உயரமான இருவர் ஃப்ரீ-த்ரோ கோட்டின் இரு முனைகளுக்கும் ஏறி வருகிறார்கள், தூரத்திலிருந்து கூடைக்கு எறியும் இருவர் மூலைகளுக்கு ஓடுகிறார்கள். ‘ஹார்ன்ஸ்’ என்பார்கள் இந்த அமைப்பை. அந்த முஷ்டிச் சைகைக்குப் பிறகு பந்து எந்தப் பக்கம் போகிறது, எத்தனை முறை போகிறது, பந்தைக் கூடைக்கு எறிந்தாக வேண்டிய கெடுவான ஷாட் கடிகாரத்தின் 30 விநாடியில் எத்தனையாவது விநாடியில் எறிகிறார்கள் என்று எண்ணி எழுதுவார். இத்தனையையும் சலித்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடப் படமாக்கி அணிக்குக் காட்ட வேண்டும். அதற்கு மேல் நீண்டால் பிள்ளைகள் கவனம் சிதறிவிடும். பிறகு ஒவ்வொரு வீராங்கனைக்கும் அவள் தடுக்க வேண்டிய ஆளைப் பற்றிய சிறு தொகுப்பு அவள் கைபேசிக்குப் போகும். போட்டி முடிந்து பஸ் ஏறியதும், எல்லோரும் கண்ணயரும் நேரத்தில், சொந்த அணி தவறவிட்ட பந்துகளை வெட்டத் தொடங்குவார். நுண்ணோக்கியில் பார்த்ததைப் பொறுமையாக வகைப்படுத்தப் பழகிய உயிரியல் மாணவிக்கு இது அந்நியமான வேலையே அல்ல.

இந்த வாசல் வழியாக எவரும் பெரிய இடத்துக்குப் போனதுண்டா என்று பெரியப்பா கேட்பார். ஜப்பானிய வம்சாவளிப் பெண்ணான நடாலி நகாசே, யுசிஎல்ஏ அணியில் கல்லூரி ஆட்டம் ஆடியவர். பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் என்ற ஆண்கள் தொழில்முறை அணியின் வீடியோ பிரிவில் இன்டர்னாகச் சேர்ந்தார். 2025-இல் கோல்டன் ஸ்டேட் வால்கைரீஸ் அணியின் முதல் தலைமைப் பயிற்சியாளராக, அதே ஆண்டு பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏ-வின் சிறந்த பயிற்சியாளர் விருதைப் பெற்றார். கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தின் புகழ்பெற்ற பயிற்சியாளரான பேட் சம்மிட், 1974-இல் ஜி.ஏ. ஆகத்தான் டென்னசி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே இருந்த தலைமைப் பயிற்சியாளர் விலகிவிட்டதால் 22 வயதிலேயே தலைமைப் பொறுப்பு கைக்கு வந்தது. மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் வேனை ஓட்டியதும் சீருடைகளைத் துவைத்ததும் அவரேதான். ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 1,098 வெற்றிகளும் 8 தேசியப் பட்டங்களும் இருந்தன. எல்லோரும் இவர்களைப் போல ஆகிவிட மாட்டார்கள். ஆனால் வாசல் திறந்துதான் இருக்கிறது.

மகளிடமும் சில விஷயங்களைக் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலில் தொடக்கச் சம்பளம் மெலிந்தது. தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் அவர் குழுவும் பெரும்பாலும் பெட்டியைக் கட்டும். அதனால் ஊர் மாறிக்கொண்டே இருக்கத் தயாராக வேண்டும். முதுகலைக்கு ஒரு டாலர்கூடக் கடன் வாங்கக் கூடாது. கட்டணத் தள்ளுபடியும் மாத உதவித்தொகையும் எழுத்தில் தரும் ஜி.ஏ. இடமென்றால் போகலாம், இல்லையென்றால் அடுத்த கல்லூரியைப் பார்க்கலாம். சொந்தப் பணம் கட்டி விளையாட்டு மேலாண்மை முதுகலையில் சேர்வதற்கு என் சம்மதம் ஒருபோதும் கிடைக்காது. தள்ளுபடி கிடைத்தால் புள்ளியியலோ தரவுப் பகுப்பாய்வோ படிக்கட்டும். கூடைப்பந்து கைவிட்டாலும் அந்தப் பட்டம் சோறு போடும்.

அவள் விரும்புவது பயிற்சி தரும் வேலையைத்தானா, இல்லை ஆட்டத்தைப் பிரிய மனமில்லையா என்பதையும் அவளே சோதித்துக்கொள்ள வேண்டும். அடுத்த பருவத்தில் ஏதாவது ஓர் எதிரணியின் முழு அலசலையும் தன்னிடம் விடும்படி பயிற்சியாளரைக் கேட்கட்டும். கோடையில் பத்து வயதுச் சிறுமிகளுக்கான முகாமில் வேலை செய்யட்டும். இரண்டிலும் அலுப்புத் தட்டினால் உடனே சொல்லச் சொல்லுங்கள். அப்போது வேறு பேசுவோம். அலுக்கவில்லை என்றால் நீங்கள் குறுக்கே நிற்காதீர்கள்.

மகளிர் கூடைப்பந்துப் பயிற்சியாளர் சங்கமான டபிள்யூபிசிஏ, பயிற்சியாளராக விரும்பும் கல்லூரி வீராங்கனைகளுக்கென்றே ஒரு திட்டம் நடத்துகிறது. கல்லூரி அணிகளின் தேசியப் போட்டி இறுதிச் சுற்றை ஒட்டி நடக்கும் அதன் மாநாட்டில்தான் வேலைப் பேச்சும் சூடுபிடிக்கும். அவளுடைய பயிற்சியாளரிடம் இப்போதே விசாரித்து வைக்கட்டும். மார்ச் வரை காத்திருந்தால் இடம் போய்விடும்.

ஜி.ஏ. வேலையில் மருத்துவக் காப்பீடு பல இடங்களில் கிடையாது. 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டிலேயே அவள் தொடரலாம். அவள் பெயரை அதிலிருந்து நீக்கிவிடாதீர்கள். பயிற்சி வகுப்புக்குக் கட்டவிருந்த தொகையை, முதல் ஆண்டு வாடகை முன்பணத்துக்காகத் தனியே எடுத்து வையுங்கள்.