காலைதோறும் புதியவை: மன்னிப்பைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்

லெந்து என்கிற தவக்கால நாட்களில் ஆண்டவருடைய அன்பையும் மன்னிப்பையும் பற்றி மனதில் இருப்பதை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். திருப்பூர், கோபி, சோமனூர், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்து சேர்ந்தன. பெயர் வேண்டாம் என்று பலர் சொன்னதால் யாருடைய பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது. சில கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். வசனங்கள் நம் சபைகளில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் இருந்து.

பனியன் கம்பெனியில் செக்கிங்ல இருக்கேனுங்க டீச்சர். சனிக்கிழமை சம்பளம் வாங்கினதும் குடிக்கிறேன், வீட்டில் சண்டை. ஞாயித்துக்கிழமை கோயில்ல அழுது மன்னிப்புக் கேக்கறேன். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அதே. ஆண்டவருக்கே என் மேல சலிச்சுப் போயிருக்காதுங்களா? (திருப்பூர்)

சலிக்காது தம்பி. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, வேதத்தில் இருப்பதைச் சொல்கிறேன். ‘அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவைகள் காலைதோறும் புதியவைகள்’ என்று புலம்பல் 3ஆம் அதிகாரத்தில் இருக்கிறதே, அது எந்தச் சூழ்நிலையில் எழுதப்பட்டது என்று பாருங்கள். கி.மு. 586 வாக்கில் எருசலேம் பாபிலோனியர் கையில் விழுந்து, ஆலயம் எரிந்து, குழந்தைகள் பசியில் தெருவில் மயங்கி விழுகிறார்கள். இதற்கெல்லாம் காரணம் நாங்கள் செய்த துரோகம்தான் என்று அதே அதிகாரத்தில் எழுதியவரே ஒப்புக்கொள்கிறார். தலைமுறை தலைமுறையாக எச்சரித்தும் கேட்காமல், திரும்பத் திரும்ப அதே பாவத்தில் விழுந்த ஜனம் அது. அவர்கள் மத்தியில் நின்றுகொண்டுதான் இரக்கம் காலைதோறும் புதியது என்கிறார்.

இன்னொன்று. உன் சகோதரன் ஒரே நாளில் ஏழுதரம் குற்றம் செய்து ஏழுதரமும் வந்து மனஸ்தாபப்படுகிறேன் என்றால் மன்னிப்பாயாக என்று இயேசு சொன்னார் (லூக்கா 17:4). நம்மிடம் அதைக் கேட்கிறவர், தான் மட்டும் அதைவிடக் குறைவாகச் செய்வாரா?

சரி, இப்போது சனிக்கிழமைக்கு வருவோம். உங்கள் கண்ணீர் உண்மைதான். ஆனால் உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சனிக்கிழமை ராத்திரி என்றாலே பயமாக இருக்கும், அதையும் யோசியுங்கள். மன்னிக்கப்பட்டவனுக்கு ஒளிக்க வேண்டிய அவசியம் இல்லை, அதனால் நம்பிக்கையான ஒரு ஆளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சம்பளம் நேராக வீட்டுக்காரம்மா கணக்குக்குப் போகிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள். கம்பெனியிலிருந்து வீட்டுக்குக் கடை இல்லாத பாதையில் போங்கள், அது சுற்று வழியாக இருந்தாலும் பரவாயில்லை. குடியை நிறுத்த டாக்டரிடம் போவதும் மருந்து எடுப்பதும் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். மறுபடி விழுந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீர்கள், விழுந்த அந்த ராத்திரியே ஆண்டவரிடம் பேசுங்கள்.

தடப்பள்ளி வாய்க்கால் பாசனமுங்க. முறைத் தண்ணியிலயும் வரப்புலயும் எனக்கும் அண்ணனுக்கும் தகராறாகிப் பல வருஷமாப் பேச்சு இல்லை. ஒரே கோயில்ல ஆளுக்கொரு பக்கம் உக்காந்திருக்கோம், ரெண்டு பேரும் திருவிருந்து எடுக்கறோம். மனசுல மன்னிச்சிட்டேனுங்க, ஆனா பேசமாட்டேன். இது போதாதுங்களா? (கோபி)

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம்ம பக்கத்தில் இது ஒரு குடும்பத்துக் கதை மட்டும் இல்லை.

மத்தேயு 18இல் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட வேலைக்காரன் கதை உங்களுக்குத் தெரியும். அதை நம்ம ஊர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரு பணம், அதாவது ஒரு வெள்ளிக்காசு, ஒரு ஆளுக்கு ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிக்காசு. அப்படியானால் பதினாயிரம் தாலந்து 6 கோடி நாள் கூலி. ஒரு கணக்குக்காகத் தோட்டக் கூலியை 600 ரூபாய் என்று வைத்தால் 3,600 கோடி ரூபாய் ஆகிறது! ராஜா அவ்வளவையும் தள்ளுபடி செய்கிறார். இவன் வெளியே வந்து, தனக்கு நூறு வெள்ளிக்காசு தர வேண்டியவன் கழுத்தைப் பிடிக்கிறான். அது அதே கணக்கில் 60,000 ரூபாய்.

அறுபதாயிரம் சின்னத் தொகை இல்லை, கவனியுங்கள். ஒரு விவசாயிக்கு அது வலிக்கிற பணம். உனக்கு நடந்தது ஒன்றுமே இல்லை, மறந்துவிடு என்று இயேசு சொல்லவில்லை. அண்ணன் உங்கள் முறையில் தண்ணியைத் திருப்பியது அநியாயம் என்றால் அது அநியாயம்தான். ஆனால் 3,600 கோடி தள்ளுபடி ஆன கையோடு நீங்கள் அந்த அறுபதாயிரத்துக்கு நிற்கிறீர்கள், அவ்வளவுதான் நான் சொல்வது.

மனதில் மன்னித்தால் போதாதா என்றால், ஆரம்பத்துக்குப் போதும். ஆனால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5:23-24 சொல்கிறது. அங்கே ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ நினைவு வந்தால் என்றுதான் இருக்கிறது, உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று இல்லை. அண்ணன் மனதில் உங்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

வரப்பு விஷயத்தைச் சர்வேயரை வைத்து அளந்து கல் போட்டு முடியுங்கள். மன்னிப்பதற்காக நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, அளப்பதற்காகப் பேச்சை நிறுத்த வேண்டியதும் இல்லை. பஞ்சாயத்துக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகாமல் நீங்கள் மட்டும் அண்ணனுடைய தோட்டத்துச் சாளை வீட்டுக்குப் போங்கள். ‘அண்ணா, எனக்கு உன்கூடப் பேசணும்’ என்று ஒரு வார்த்தை. கதவைச் சாத்தினால் சாத்தட்டும். ‘கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்’ என்று பவுல் எழுதியிருப்பது அதற்காகத்தான் (ரோமர் 12:18). உங்களால் ஆனது அண்ணன் வாசல் வரைக்கும்.

வீட்டுக்காரர் அடிக்கறாருங்க. அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். ‘கிறிஸ்தவப் பொண்ணு மன்னிக்கணும், திரும்பிப் போ’ன்னு எல்லாரும் சொல்றாங்க. (ஈரோடு)

போக வேண்டாம் அம்மிணி. தன்னைக் கொல்லத் துரத்திய சவுல் ராஜாவைத் தாவீது இரண்டு தரம் கொல்லாமல் விட்டான், 1 சாமுவேல் 24லும் 26லும் இருக்கிறது. இரண்டாம் தரம் சவுல் ‘என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா’ என்று அழுத்திச் சொல்லியும் தாவீது அவனோடு போகவில்லை, தன் வழியே போய்விட்டான். பழிவாங்காமல் இருப்பது ஒன்று, அடி விழுகிற இடத்தில் போய் உட்காருவது வேறொன்று. அவர் உண்மையிலேயே மாறினால் அது அவருடைய நடத்தையில், பல மாதங்களுக்குத் தெரிய வேண்டும். யோசேப்புகூடத் தன்னை அடிமையாக விற்ற அண்ணன்மார் மாறிவிட்டார்களா என்று பார்த்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினான். அவசரம் என்றால் 181க்குக் கூப்பிடுங்கள், பெண்களுக்கான உதவி எண் அது. மன்னிப்பு அதன் நேரத்தில் வரட்டும், உங்கள் உயிர் முதலில் பத்திரமாக இருக்கட்டும்.

என் மகன் பைக்ல போறப்ப ஒருத்தன் குடிச்சுட்டு லாரி ஓட்டி மோதி, மகன் போயிட்டான். கேஸ் நடக்குது. மன்னிக்கணும்னா கேஸை விட்டுடணுமா? மன்னிக்க முடியுமான்னே தெரியலைங்க. (பொள்ளாச்சி)

ஐயா, உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்து வெகுநேரம் ஆயிற்று. முதலில், அவசரமே இல்லை. ‘எதுவரைக்கும் கர்த்தாவே’ என்று கத்துகிற சங்கீதங்களும் வேதத்தில்தான் இருக்கின்றன, இப்போதைக்கு அவை உங்கள் ஜெபமாக இருக்கட்டும்.

கேஸைப் பற்றிக் கேட்டீர்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவில் மனோகர்பூர் என்ற கிராமத்தில், தொழுநோயாளிகள் மத்தியில் பல ஆண்டுகள் ஊழியம் செய்த கிரஹாம் ஸ்டெய்ன்ஸ் என்பவரையும் அவருடைய சின்னப் பையன்கள் பிலிப், திமோத்தி இருவரையும் வண்டிக்குள் வைத்தே எரித்துக் கொன்றார்கள். அவர் மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். உடனே சொந்த நாடான ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிப் போகாமல் அந்தத் தொழுநோய் இல்லத்தின் வேலையைத் தொடர்ந்து செய்தார், 2005இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் வழக்கு நின்றுவிடவில்லை. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நீதிமன்றம் செய்ய வேண்டியதை நீதிமன்றம் செய்தது, அந்தத் தாய் தன் மனதில் செய்ய வேண்டியதைச் செய்தார்.

அதனால் சாட்சி சொல்லப் போங்கள். நஷ்டஈடு கேளுங்கள், அது உங்கள் குடும்பத்துக்கு உரியது. மன்னிக்க முடியாத நாட்களில் ‘ஆண்டவரே, என்னால் முடியவில்லை’ என்றே சொல்லுங்கள். தம் மகன் கொல்லப்படுவதைப் பார்த்த பிதாவிடம்தான் சொல்கிறீர்கள், அவருக்குப் புரியும்.

சின்ன வயசில் ஒரு பாவம் செய்தேன், இங்கே எழுத முடியாது. எத்தனையோ தரம் அறிக்கை செய்துவிட்டேன். இந்த வயதிலும் ராத்திரியில் நினைவு வருகிறது. (கோவை)

அம்மா, ஆதியாகமம் 50ஐ இன்றைக்கு எடுத்துப் படியுங்கள். யாக்கோபு எகிப்துக்கு வந்து 17 வருஷம் உயிரோடு இருந்தார். அத்தனை வருஷமும் யோசேப்பு அண்ணன்மாருக்குச் சோறு போட்டு, நிலம் கொடுத்து, பிள்ளைகளைப் பராமரித்தான். அப்பா இறந்ததும் அவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? இனி நம்மைப் பழிவாங்குவான் என்று பயந்து, மன்னிக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அதைக் கேட்டு யோசேப்பு அழுதான். நான் பதினேழு வருஷம் காட்டிய அன்பை இவர்கள் நம்பவே இல்லையா என்று அழுதிருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அழுதுவிட்டு, பயப்படாதிருங்கள், உங்களையும் உங்கள் குழந்தைகளையும் பராமரிப்பேன் என்று மறுபடியும் பட்சமாய்ப் பேசினான்.

அந்த நினைவு வரும்போது புதிதாக மன்னிப்புக் கேட்கத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே மன்னித்ததற்கு நன்றி என்று மட்டும் சொல்லுங்கள். ‘நம்முடைய பாவங்களையெல்லாம் சமுத்திரத்தின் ஆழங்களில் போட்டுவிடுவார்’ என்று மீகா சொன்னது உங்களுக்கும்தான். தனியாகச் சுமப்பது கடினமாக இருந்தால் ஒரு மனுஷ முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள், காதில் கேட்கும்படி ‘உங்கள் பாவம் மன்னிக்கப்பட்டது’ என்று ஒருவர் சொல்வதில் பெரிய சுகம் இருக்கிறது. கத்தோலிக்கர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது, அங்கே சொன்னதைக் குருவானவர் யாரிடமும் சொல்லக் கூடாது. நம் சபைகளிலும் வாயைக் காக்கிற ஆயர் ஒருவரைப் பார்த்துப் போங்கள்.

மன்னிக்கப்படாத பாவம் ஒன்று இருக்கிறதாமே, நான் அதைச் செய்திருப்பேனோ? (பவானி)

பயந்து கேட்கிறீர்கள் அல்லவா, அதுவே போதும். இயேசு அதைச் சொன்னது, பரிசுத்த ஆவியின் வேலையைக் கண்ணால் பார்த்துவிட்டு இது பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்று நெஞ்சறிந்து பேசியவர்களிடம். மன்னிப்பு வேண்டும் என்று தவிக்கிறவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.

எல்லாவற்றையும் மன்னித்துவிடுவார் என்றால் இஷ்டம்போல் இருந்துவிட்டு அப்புறம் கேட்டுக்கொள்ளலாமே? (கல்லூரி மாணவர், பெருந்துறை)

பவுலிடமும் இதையே கேட்டிருக்கிறார்கள். ‘கூடாதே’ என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுத்தான் ரோமர் 6ஐத் தொடர்கிறார். தம்பி, உன் அம்மா எப்படியும் மன்னிப்பாள் என்று தெரிந்துகொண்டு அவளிடம் திருடுவாயா?

விசைத்தறி வெச்சிருக்கேன். கூட்டாளிக்குக் கணக்கில் ஏமாத்திட்டேன், அவருக்கு இன்னும் தெரியாது. ஜெபத்தில் மன்னிப்புக் கேட்டுட்டேன், பணத்தையும் கொடுக்கணுமா? (சோமனூர்)

கொடுக்கணும். ஆனால் எந்த வரிசையில் என்று, வரி வசூலிக்கிறவனாயிருந்த சகேயுவிடம் பாருங்கள் (லூக்கா 19). ‘இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்’ என்று இயேசு சொன்னது முதலில், ‘நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்’ என்று சகேயு சொன்னது அதற்குப் பிறகு. பணம் கொடுத்து மன்னிப்பு வாங்கவில்லை, அவர் வீட்டுக்கு வந்துவிட்ட சந்தோஷத்தில் கை தானாகத் திறந்தது. நியாயப்பிரமாணத்தில் எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு என்று இருக்கிறது (எண்ணாகமம் 5:7). ஒரு லட்சம் என்றால் ஒரு லட்சத்து இருபதாயிரம். மொத்தமாக முடியாவிட்டால் தவணையில் கொடுங்கள், ஆனால் எதற்கான பணம் என்று சொல்லிக் கொடுங்கள். உண்டியலில் போட்டுச் சரிக்கட்ட வேண்டாம். ஏமாந்தவர் கூட்டாளி.

காலை ஷிப்ட் மில் பஸ் 5 மணிக்கே வந்துடும். வேதம் படிக்க நேரமே இல்லை. ஆண்டவரோட அன்பை நாள் முழுக்க எப்படி நினைவில் வெச்சுக்கறது அக்கா? (பல்லடம்)

சங்கீதம் 136 எடுத்துக்கொள்ளுங்கள் கண்ணு. 26 வசனம், ஒவ்வொன்றும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்றே முடியும். வானத்தையும் சூரியனையும் சொல்லி, செங்கடலைச் சொல்லி, கடைசியில் 25ஆம் வசனத்தில் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறது: மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரம் கொடுக்கிறவர். டிபன் பாக்ஸ் வரைக்கும் அந்தக் கிருபை வருகிறது என்று அர்த்தம். பஸ்ஸில் உட்கார்ந்ததும் முன்பாதியை நீங்கள் சொல்லுங்கள், பின்பாதி அங்கே தயாராக இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது, அவர் கிருபை என்றுமுள்ளது. சீட்டுக்காசு இன்னும் கட்டவில்லை, அவர் கிருபை என்றுமுள்ளது. நல்லதை மட்டும் சேர்க்க வேண்டும் என்றில்லை, தவறையும் ஒரு வரியாகச் சேருங்கள்: நேற்று ராத்திரி மாமியாரிடம் கத்திவிட்டேன், அவர் கிருபை என்றுமுள்ளது. அப்புறம் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கைகால் கழுவிட்டு முதல் வேலையா அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுடுங்க.