ஈரச் சுவர்: மாரி கழிந்ததும் வந்த கேள்விகள்

மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்ததும் வீட்டுக்காரர்கள் அலுமாரிகளை நகர்த்திப் பார்க்கிறார்கள். அதற்கடுத்த வாரம் எனக்குக் கடிதங்கள் வருகின்றன. இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் “எந்தப் பெயின்ட் நல்லது?” என்றே முடிகின்றன. நீர் எந்த வழியால் வருகிறது என்று தெரியாமல் பெயின்ட் கடைக்குப் போகாதீர்கள் என்று முன்பும் எழுதியிருக்கிறேன். இந்தப் பக்கத்திலும் அதையே சில தடவை சொல்ல நேரும்.

சுவர் ஈரமாக இருக்கிறது. என்ன அடிக்கலாம்? (களுவாஞ்சிக்குடி)

எந்தச் சுவர், தரையிலிருந்து எத்தனை அடி, அதன் மறுபக்கத்தில் குளியலறையா வெளியா, எந்த மாதத்தில் தொடங்கியது என்று ஒன்றையும் நீங்கள் எழுதவில்லை. இரண்டடிச் சதுரமான பொலித்தீன் தாளொன்றைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி நாடாவால் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கத்தில் துளிகள் நின்றால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் நின்றால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. சோதித்த பின் மீண்டும் எழுதுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

மழையே இல்லாத நாளிலும் இரவில் சுவரில் திட்டுத் திட்டாக ஈரம் தெரிகிறது. கச்சான் வீசும் காலத்தில் தானாகக் காய்ந்து வெள்ளைத் தூள் உதிர்கிறது. குழாயில் கசிவில்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டோம். (காத்தான்குடி)

கவனித்து எழுதப்பட்ட கடிதம்; நோயின் பெயர் அதிலேயே இருக்கிறது. உங்கள் பூச்சுக்குள் உப்பு இருக்கிறது. கடற்கரை மணலையோ வாவி மணலையோ சரிவரக் கழுவாமல் சீமெந்தில் குழைத்திருப்பார்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். நமது கிழக்குக் கரையோரத்தில் மாரி முழுவதும், மற்ற மாதங்களில் பல இரவுகளிலும் இந்த அளவு தாண்டிவிடுகிறது. ஆகவே குழாயும் கூரையும் குற்றமற்றவையாக இருக்கும்போதே சுவர் நனைகிறது. தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்றில் உப்பு மீண்டும் கட்டியாகிப் பெயின்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது.

வெள்ளைத் தூளைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், அது கரைந்து திரும்பவும் உள்ளேதான் போகும். காய்ந்த நாளில் உலர்ந்த தூரிகையால் தேய்த்து, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளி வளவுக்கு வெளியே போடுங்கள். இரண்டு மூன்று கச்சான் காலம் இப்படிச் செய்தும் குறையாவிட்டால் அந்தப் பகுதிப் பூச்சைக் கல் தெரியக் கொத்தி எடுத்து, ஆற்று மணலால் பூசுவதைத் தவிர வேறு வழியில்லை.

2011 வெள்ளத்துக்குப் பின் வளவுக்கு இரண்டடி கிறவல் போட்டு உயர்த்தினோம். சில வருடங்களாக முன்னறைச் சுவரில் மூன்றடி உயரம் வரை பெயின்ட் பொரிந்து விழுகிறது. நான்கடிக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டால் பிரச்சினை முடியும் என்று மேசன் சொல்கிறார். ஒட்டலாமா ஐயா? (காரைதீவு)

ஒட்டக் கூடாது. இந்தக் கேள்விக்குப் பத்து வருடங்களாகப் பதில் எழுதி வருகிறேன். ஆனாலும் கரையோர ஊர்களில் எந்தத் தெருவால் நடந்தாலும் முன்னறைச் சுவரில் பளபளக்கும் நான்கடி டைல்ஸ் கொண்ட வீடொன்றைக் காண முடிகிறது. அது அழகுக்கு ஒட்டியதல்ல, ஈரத்தை மூடி மறைக்க ஒட்டியது என்பது அதற்கு மேலே ஐந்தாவது அடியில் தெரியும் பழுப்புக் கோட்டைப் பார்த்தாலே விளங்கும்.

அத்திவாரத்தின் மேல் ஈரத்தடுப்புப் படை ஒன்று வைப்பது மண்ணின் நீர் சுவருக்குள் ஏறாதிருப்பதற்காகவே. அந்தப் படை வெளித்தரையிலிருந்து குறைந்தது ஆறு அங்குலம் உயரத்தில் நிற்க வேண்டும். நீங்கள் வளவை உயர்த்தியபோது அதைக் கிறவலுக்குள் புதைத்துவிட்டீர்கள். இப்போது நனைந்த மண் அந்தப் படைக்கு மேலேயுள்ள சுவரை நேராகத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சீமெந்துக் கல்லின் நுண்துளைகள் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் நீரை மேலே இழுக்கின்றன. அது சாதாரணமாக மூன்றடி அளவில் நிற்பதற்குக் காரணம், ஏறும் நீரும் சுவர்முகத்தால் ஆவியாகும் நீரும் அந்த உயரத்தில் சமமாவதுதான். டைல்ஸ் ஒட்டி அந்த ஆவி வழியை அடைத்தால், ஏறும் நீர் ஆவியாக இடம் தேடி டைல்ஸுக்கு மேலே போகும், அல்லது பின்புறத்து அறைக்குப் போகும். நின்றுவிடாது.

இதை நான் பிறர் வீட்டில் கற்கவில்லை. என் சொந்த வீட்டு முன்னறையில், ஊரில் பெயர் பெற்ற ஒரு மேசனின் வார்த்தையை நம்பி நானே ஒட்டச் செய்தேன். மூன்றாம் மாரியில் டைல்ஸைத் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் கேட்டது. ஓர் உளியை ஓரத்தில் வைத்து நெம்பியபோது முழு டைல்ஸும் கையோடு வந்தது. அதன் முதுகில் கல்லுப்புப் போல உப்பு விளைந்திருந்தது, பின்னாலிருந்த சாந்து விரலால் வழித்தெடுக்கும் பதத்தில் கறுத்து, கிணற்றடிச் சேற்றின் மணம் வீசியது. ஒட்டுவதற்குக் கொடுத்த கூலியைப் போல ஒன்றரை மடங்கை உடைப்பதற்குக் கொடுத்தேன்.

நீங்கள் செய்ய வேண்டியது வெளியே இருக்கிறது. வீட்டைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்குக் கிறவலை வெட்டியெடுத்து, ஈரத்தடுப்புப் படைக்கு ஆறு அங்குலம் கீழே வெளித்தரையைக் கொண்டுவாருங்கள். அந்த வாய்க்காலில் சல்லிக்கல் நிரப்பி, நீர் வீட்டை விட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுங்கள். கூரைப் பீலியின் நீர் சுவரடியில் விழுந்தால் அதையும் குழாய் போட்டு அப்பால் கொண்டுபோங்கள். உள்ளே, ஈரக் கோட்டுக்கு ஒரு முழம் மேல் வரை பூச்சைக் கொத்திவிட்டு, சுவரை அப்படியே ஒரு கச்சான் காலம் முழுவதும் மூச்சு விடச் செய்யுங்கள். விருந்தாளிகள் வந்தால் பார்வைக்கு அழகாக இராது, பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் ஏறினால்தான், சுவரடியில் நான்கைந்து அங்குல இடைவெளியில் துளையிட்டு நீர் தடுக்கும் மருந்து ஏற்றும் வேலையைப் பற்றி யோசிக்கலாம். மண்ணை இறக்காமல் மருந்து மட்டும் ஏற்றுபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஏ.சி. பூட்டிய அறைக்குள் சுவர் நன்றாக இருக்கிறது. அதே சுவரின் மறுபக்கம், ஹோலில், கரும்பூஞ்சணம் படர்கிறது. (அக்கரைப்பற்று)

காற்று 30 பாகையும் 80 சதவீத ஈரப்பதமும் கொண்டிருக்கும் நாளில், 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். நீங்கள் ஏ.சி.யை 18இல் வைத்து இரவு முழுவதும் நாலு அங்குலக் கல்லைக் குளிர்விக்கிறீர்கள். ஹோல் பக்கச் சுவர் ஐஸ் தண்ணீர்க் கிளாஸைப் போல வியர்க்கிறது. பொலித்தீன் சோதனை செய்தால் துளிகள் ஹோலைப் பார்த்த பக்கத்தில் நிற்கும். ஏ.சி.யை 26இல் வைத்து மின்விசிறியையும் போடுங்கள், குளிர்க்காற்று அந்தச் சுவரில் நேராக மோதாதபடி ஏ.சி.யின் காற்றுத் தட்டைத் திருப்புங்கள், ஹோல் பக்கத்தில் அந்தச் சுவரோடு சோபாவோ திரைச்சீலையோ ஒட்டி நிற்க விடாதீர்கள். இதற்குப் பெயின்டோ நீர்த்தடுப்போ தேவையில்லை.

பூஞ்சணத்தை எதனால் துடைக்கலாம்? (வாழைச்சேனை)

ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு மூன்று பங்கு நீர். பூசிக் கால் மணி நேரம் விட்டுத் துடைத்து, காய விடுங்கள். யன்னலைத் திறந்து வைத்து, கையுறையும் முகக்கவசமும் அணிந்து செய்யுங்கள். கழிவறை கழுவும் அமிலத்தை அதனோடு கலக்கவே கூடாது. எழும் குளோரின் வாயு நெஞ்சைப் பிடிக்கும். ஈரம் வரும் வழி அடைபடாவிட்டால் பூஞ்சணம் அடுத்த மாரியில் அதே இடத்துக்குத் திரும்பி வரும்.

புது வீடு. உட்பூச்சு முடிந்து பத்து நாள். குடிபுகும் நாள் குறித்தாகிவிட்டது, பட்டி வைத்துப் பெயின்ட் அடிக்கலாமா? (சம்மாந்துறை)

முடியாது. குறைந்தது நான்கு வாரம் விட வேண்டும்; மாரியென்றால் இரட்டிப்பு. புதுச் சீமெந்துப் பூச்சின் காரம் சாதாரணப் பெயின்டை அரித்துச் சவர்க்காரம் போலாக்கிவிடும், உள்ளே அடைபட்ட நீர் அதைக் கொப்புளமாகத் தள்ளும். குறித்த நாளை மாற்ற முடியாதென்றால் ஒரு கை சுண்ணாம்பு மட்டும் அடித்துக் குடிபுகுங்கள். கச்சானில் அதைச் சுரண்டி, காரம் தாங்கும் பிரைமர் வைத்து வேலையைத் தொடங்குங்கள்.

புளியந்தீவில் பாட்டன் காலத்துச் சுண்ணாம்புச் சுவர் வீடு. உதிர்ந்த இடங்களைச் சீமெந்தால் பூசினோம். இப்போது அதைச் சுற்றியுள்ள நல்ல பகுதியும் உதிர்கிறது.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் சுவர். அதில் சீமெந்து ஒட்டிய இடமெல்லாம் அடைப்பு. நீர் ஓரங்களால் வெளியேறும்போது அங்குள்ள பழைய பூச்சையும் உடைத்துக்கொண்டு போகிறது. சீமெந்துத் திட்டுகளைப் பக்குவமாக எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்தாலேயே பூசி, மேலே வெள்ளையும் சுண்ணாம்பாலேயே அடியுங்கள். எனாமல் பெயின்ட் வேண்டாம், எத்தனை பளபளப்பாக இருந்தாலும்.

கடற்பக்கச் சுவரில், வாடைக் காற்றோடு மழை பெய்தால் மட்டும் யன்னலுக்குக் கீழே நனைகிறது. (திருக்கோவில்)

யன்னற் கட்டின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். விரல் அகலப் பள்ளக் கோடு இல்லாவிட்டால், நீர் கட்டின் அடியால் ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும். கோடு வெட்டி, யன்னற் கட்டின் மேற்பரப்பை வெளிப்புறமாகச் சரித்து, சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெடிப்பை அடைத்தால் போதும்.

அலுமாரிக்குள் துணிகள் பூஞ்சண மணம் வீசுகின்றன. (கல்முனை)

சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். வெளிச்சுவரோடு வைக்கவே வேண்டாம்.

தைப்பொங்கலுக்குள் உட்சுவர் முழுவதும் அடித்து முடிக்க வேண்டும், அவசரம். (செங்கலடி)

இந்தக் கடிதம் மார்கழியின் நடுவில், அடைமழைக்குள் எழுதப்பட்டிருக்கிறது. இந்நேரம் நீங்கள் அடித்தும் இருப்பீர்கள். கொப்புளங்கள் தெரியத் தொடங்கினால் குத்தி உடைத்துப் பட்டி வைத்து மூடாமல், அப்படியே வைகாசி வரை விட்டுவிட்டு, பொலித்தீன் தாளோடு முதல் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.