கொசோவோ: சட்டம் அல்ல, ஓட்டுக் கணக்கு

கேள்வி: செர்பியாவிலிருந்து பிரிந்த கொசோவோவை ஸ்பெயின் இன்னும் தனி நாடாக ஏற்கவில்லை. தன்னிச்சையாகப் பிரிந்துபோவது சர்வதேசச் சட்டத்துக்கு எதிரானது என்று அவர்கள் சொல்வது நியாயம்தானே?

பதில்: நியாயமில்லை. கொசோவோவின் சுதந்திரப் பிரகடனம் சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் 2010 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. பத்து நீதிபதிகள் அந்தப் பக்கம், நான்கு பேர் எதிர்ப்பக்கம். அது ஆலோசனைக் கருத்துதான், யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதற்குப் பிறகும் சட்டத்தைக் காட்டுவது வெறும் சாக்கு.

தேதிகளைப் பாருங்கள். பிரகடனம் 2008 பிப்ரவரி 17. ஸ்பெயினில் பொதுத்தேர்தல் மார்ச் 9. இடையில் மூன்றே வாரம். பிரதமர் சபத்தேரோ பிரிவினைவாதிகளுக்கு வளைந்து கொடுக்கிறார் என்று எதிர்க்கட்சியான மக்கள் கட்சி ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தது. ஸ்பெயினுக்குள்ளேயே பிரிவினைக் குரல் எழும் பாஸ்க் பகுதியின் முதல்வர் இபாரெச்சே, அக்டோபரில் வாக்கெடுப்பு என்று வேறு அறிவித்திருந்தார். அந்த நேரத்தில் கொசோவோவுக்குக் கைகொடுத்தால் ஓட்டு போய்விடும். அன்று பிடித்த பயம், ஆட்சிகள் மாறியும் விடவில்லை. 2018-இல் பிரதமர் ரஹோய், கொசோவோ தலைவருடன் உட்கார மனமில்லாமல் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் நடந்த ஐரோப்பிய உச்சி மாநாட்டையே தவிர்த்தார். 2021-இல் செவில்லில் இரு நாட்டு அணிகளும் கால்பந்து ஆடியபோது, அரசுத் தொலைக்காட்சி ஸ்பெயின் பெயரைப் பெரிய எழுத்திலும் கொசோவோ பெயரைச் சிறிய எழுத்திலும் போட்டது. விளையாட வந்த பிள்ளைகளிடம் காட்டுகிற மரியாதையா இது?

இன்றைய பிரதமர் சான்செஸ் 2023-இல் கட்டலோனியா பகுதிக்குத் தனிநாடு கேட்கும் கட்டலான் கட்சிகளின் ஆதரவில்தான் மறுபடி பதவிக்கு வந்தார். அதனால் கொசோவோவுக்கு வழி பிறக்கும் என்று நினைத்தால் தப்பு. அவர் அங்கீகரித்தால், ‘அடுத்தது கட்டலோனியா’ என்று மக்கள் கட்சியும் தீவிர வலதுசாரிக் கட்சியான வோக்ஸும் கிளம்பிவிடும். 2024 ஜனவரியில் கொசோவோ பாஸ்போர்ட்டை ஏற்றுக்கொண்டார்கள், நாட்டை ஏற்கவில்லை.

சரி, அந்தப் பயத்துக்காவது அர்த்தம் உண்டா? பிரிட்டன் பிரகடனத்துக்கு மறுநாளே அங்கீகரித்தது. 2014 வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்து பிரிட்டனோடுதான் இருந்தது. கியூபெக் மாகாணத்தின் பிரிவினைப் பிரச்சினை உள்ள கனடாவும் அங்கீகரித்தது. அங்கீகரிக்காத ஸ்பெயினில்தான் 2017-இல் கட்டலோனியா தடையை மீறி வாக்கெடுப்பு நடத்தியது! மேலும், கொசோவோவில் 1999-இல் எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் ஊரைவிட்டு விரட்டப்பட்டார்கள். அப்புறம் பிரகடனம் வரை ஐ.நா. நிர்வாகம். கட்டலோனியாவில் அப்படி என்ன நடந்தது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர கொசோவோ 2022 டிசம்பரில் விண்ணப்பித்தது. 27 நாடுகளும் தலையசைத்தால்தான் உள்ளே போக முடியும். ஸ்பெயினோடு கிரீஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா, சைப்ரஸ் என ஐந்து நாடுகள் கொசோவோவை நாடாகவே ஏற்கவில்லை.