டிசம்பர்ல கொடைக்கானல்: 4 வயசுப் பையனுக்கு எந்த ஜெர்கின்?

சகோதரி, டிசம்பர் கடைசியில கொடைக்கானல் போறோம், 4 வயசு மகனுக்குத் தடியா ஒரே ஜெர்கின் போதுமான்னு கேட்டிருக்கீங்க. போதாதுங்க. பகல்ல வெயில் அடிக்கும், ராத்திரி 10 டிகிரியை ஒட்டி இறங்கிடும். உள்ள முழுக்கை பனியன், மேல கம்பளி ஸ்வெட்டர், அதுக்கு மேல காத்தும் தூறலும் புகாத மெல்லிசு ஜெர்கின்னு அடுக்காப் போடுங்க; ஓடியாடி வேர்த்தா ஒன்னைக் கழட்டிடலாம். வேர்வையில நனைஞ்ச காட்டன் குளிரைக் கூட்டும், மாத்து பனியன் கையில இருக்கட்டும்.

மதுரை விளக்குத்தூண் கடைவீதிப் பக்கம் வாங்கும்போது பையனையும் கூட்டிட்டுப் போய், ஸ்வெட்டர் மேலயே ஜெர்கினைப் போட்டுக் கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்க. கழுத்துல கயிறு தொங்குற மாடல் வேண்டவே வேண்டாம், பார்க் சறுக்குல மாட்டினா ஆபத்து. கார்ல பெல்ட் போடும்போது தடிச்ச கோட்டைக் கழட்டிடுங்க. இல்லேன்னா பெல்ட் உடம்போட ஒட்டிப் பிடிக்காது. மலைப்பாதையில வாந்தியும் வரலாம், வீட்டுலயே துவைக்கிற துணியாப் பாருங்க. காதை மூடுற குல்லாவை மறந்துடாதீங்க.