நோட்டீஸ் போர்டும் ரெண்டாயிரம் ரூபாயும்

கேள்வி: கொரோனா நேரத்தில் எந்தப் பண்ணைக்கு எவ்வளவு அரசுப் பணம் போனது என்று அமெரிக்காவில் உள்ளூர்ப் பத்திரிகைகளே பெயரோடு போட்டன. இங்கே நிலமுள்ள விவசாயிகளுக்கு நாலு மாதத்துக்கு ஒருமுறை ரெண்டாயிரம் ரூபாய் தரும் மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டப் பயனாளிகள் பட்டியலைப் பஞ்சாயத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினாலே முறைகேடு நின்றுவிடாதா?
(வாசகர், திண்டிவனம்)

பதில்: நோட்டீஸ் போர்டா! கடைசியாக அதை எப்போது பார்த்தீர்கள்? எங்கள் பக்கத்து ஊராட்சியில் கண்ணாடி போட்டே வைத்திருக்கிறார்கள். பூட்டும் உண்டு. சாவி யாரிடம் என்பதுதான் யாருக்கும் தெரியாது. உள்ளே வெளுத்துப்போன வீட்டுவரி அறிவிப்பு. கண்ணாடிக்கு மேல் காதணி விழா, அதற்கு மேல் கண்ணீர் அஞ்சலி, அதற்கும் மேல் மூலம், பௌத்திரம். ஆனாலும் அந்தப் போர்டைத் தவறாமல் நாடி வருகிறவர்கள் ஊரில் உண்டு. பசை ருசி கண்ட ஆடுகள். உங்கள் பட்டியலையும் அவைதான் முதலில் பார்க்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பி.எம். கிசான் பட்டியலை யாரும் ஒளித்து வைக்கவில்லை. இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தட்டிக்கொண்டே போனால் பெயர்கள் வந்து நிற்கும். அமெரிக்காவில்கூட எல்லாம் லேசில் கிடைத்துவிடவில்லை. கொரோனாக் கால சிறுதொழில் கடன் வாங்கியவர்களின் முழு விவரத்தைத் தர மறுத்தார்கள். பத்திரிகைகள் வழக்குப் போட்டு, 2020 டிசம்பரில்தான் வாங்கின. நமக்குக் கோர்ட் செலவில்லாமல் கிடைத்தது. படிக்கத்தான் ஆளில்லை.

அந்த 2020 ஊரடங்கில் என்ன நடந்தது? கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் அதிகாரிகளின் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு புரோக்கர்கள் லட்சக்கணக்கானோரை விவசாயி ஆக்கினார்கள். முறைகேடு சுமார் 110 கோடி ரூபாய் என்றார் அப்போதைய வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி நாடு முழுக்கத் தகுதியில்லாதவர்கள் 42 லட்சம் பேர். அவர்களுக்குப் போனது 2,900 கோடிக்கு மேல்.

'போலி விவசாயி' என்று தலைப்புப் போட்டோம், நாங்களும்தான். அந்தப் போலிகளில் எத்தனையோ பேர் சேற்றில் இறங்கி நாற்று நடுகிற கூலிக்காரர்கள். கொரோனா பணம் வருகிறது என்று சொல்லி ஆதார் ஜெராக்ஸையும் பாஸ்புக்கையும் வாங்கிப் போனவன் கமிஷனை எடுத்துக்கொண்டான். பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னது இவர்களை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தாம்பரத்தில் குடியிருப்பவர் மட்டும் அசல் விவசாயி. உழுகிற குத்தகைக்காரருக்குத் திட்டத்தில் இடமே இல்லை.

பட்டியலை ஒட்டவே வேண்டாம். கிராம சபையில் மைக் பிடித்து உரக்க வாசிக்கட்டும். நாலாவது பெயரிலேயே, "எந்த முருகேசன்? அவனுக்கு ஏது நிலம்?" என்று ஒரு பாட்டி எழுந்துவிடுவார். ஆனால் அந்த வருடம் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகள் கொரோனாவைச் சொல்லி நடக்கவில்லை. டாஸ்மாக் மட்டும் மே மாதமே டோக்கன் கொடுத்து, தரையில் வட்டம் போட்டுத் திறந்தாகிவிட்டது. அந்த வட்டங்களில் நின்றவர்களை வைத்தே சபையைக் கூட்டியிருக்கலாம். கோரத்துக்கு ஆள் குறைந்திருக்காது.

'அதான் இணையத்தில் போட்டாச்சே' என்று சொல்லும் அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. எனக்கும் பி.டி.எஃப்.புக்கும் உள்ள ஜென்மப் பகை இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். அண்மையில் ஒரு துறையின் பயனாளிகள் பட்டியலைத் திறந்தேன். பக்கவாட்டில் படுக்கப்போட்டு ஸ்கேன் செய்திருந்தார்கள். கழுத்தைச் சாய்த்துப் படித்தால், ரப்பர் ஸ்டாம்ப் சரியாகத் தொகைக் கட்டத்தின் மேல் குத்தியிருக்கிறது. தேடினால் ஒரு பெயரும் கிடைக்காது, அத்தனையும் படம்.

திண்டிவனத்து அன்பரே, உங்கள் ஊர்ப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டு எழுதுங்கள். போஸ்ட் கார்டு போதும். பி.டி.எஃப். வேண்டாம்.