வெள்ளீயத்தோடு வெள்ளீயம் ஒட்டுவது எப்படி? ஈனி வடிவமைப்பு பற்றிக் கேள்வி பதில்

ராமநாதபுரம் கடலோர ஊர்களின் வேதியியல் மாணவர்களும் ஆசிரியர்களும் கேட்டவை. உலோக அணுவோடு ஒட்டி அதைச் சுற்றி நிற்கும் தொகுதிதான் லிகண்டு, அதைத்தான் இங்கே ஈனி என்கிறோம்.

கீழக்கரை, எம்.எஸ்சி. மாணவி: சார், இரண்டு கார்பன் மூன்று பிணைப்பால் சேர்ந்த அசெட்டிலீன் நேர்கோடு. கார்பனுக்குப் பதில் ஈயமோ வெள்ளீயமோ வந்தால் ஏன் வளைகிறது?

கார்பனில் 2எஸ், 2பி ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான் இருக்கும் இடங்கள்) ஏறக்குறைய ஒரே அளவு, எளிதில் கலக்கும். தொகுதியில் கீழே போகப் போக பி பரந்துவிடும். எஸ் ஒப்பளவில் சிறிதாகி அணுக்கருவோடு ஒட்டிக்கொள்ளும். எஸ் எலக்ட்ரான்கள் தனி இணையாக ஒதுங்கிவிட, பிணைப்புக்கு பி மட்டும் மிஞ்சும். பி-கள் ஒன்றுக்கொன்று செங்குத்து, அதனால் கோணம் 90-ஐ நெருங்குகிறது.

வேதியியலாளர் பிலிப் பவரின் குழு 2000-ல் வெளியிட்ட ஈயச் சேர்மத்தைப் பாருங்கள். அசெட்டிலீனின் ஈய வடிவம் அது. ஈயம்-ஈயம் நீளம் 3.19 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), ஈனிக்கும் ஈயம்-ஈயப் பிணைப்புக்கும் இடைக் கோணம் 94 பாகை. ஒற்றைப் பிணைப்பே உள்ள ஹெக்சாபினைல் டைலெட்டில் 2.84தான்! கோட்டில் மூன்று கீற்று போட்டு எழுதுவது இங்கே பொய்.

தொண்டி, ஆய்வு மாணவர்: அப்போ அணுக்கள் கொத்தாகச் சேராமல் இரண்டாகவே நிற்க, பெரிய ஈனியாக மாட்டிவிட்டால் வேலை முடிந்ததா அண்ணே?

முடியாது தம்பி. டெர்பினைல் ஈனியில் நடுவே ஒரு பென்சீன் வளையம், இருபுறமும் ஒவ்வொரு வளையம். பக்க வளையங்கள் மெசிட்டைலாக (மூன்று மீத்தைல் ஒட்டிய பென்சீன் வளையம்) இருந்தால் இடம் போதாமல் வெள்ளீயங்கள் சேர்ந்து எட்டு அணுக் கொத்தாகவே போன சம்பவம் உண்டு. மெசிட்டைல் இருந்த இடத்தில் இன்னும் பருமனான டைஐசோபுரொப்பைல்பினைல் வைத்தால் இரண்டு அணுவோடு நிற்கும்: 2.67 ஆங்ஸ்ட்ராம், 125 பாகை.

அதே ஈனியின் நடு வளையத்தில், வெள்ளீயத்துக்கு நேர் எதிர் மூலையில், ஒரே ஒரு டிரைமீத்தைல்சிலைல் (மூன்று மீத்தைல் தாங்கிய சிலிக்கான்) சேர்த்தார்கள். பிணைப்பு 3.07-க்கு நீண்டது, கோணம் 99-க்குச் சுருங்கியது. அவ்வளவு தூரத்தில் உள்ள தொகுதி வெள்ளீயத்தை இடிக்கவே முடியாது. இரண்டு வடிவத்துக்கும் ஆற்றல் வேறுபாடு அற்பம். படிகத்தில் மூலக்கூறுகள் அடுக்கப்படும் விதம் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் சாய்கிறது. படிக அமைப்பு ஒன்றை மட்டும் வைத்து ‘பிணைப்பு வலிமை’ பேசுபவர்களை நம்பாதீர்கள்.

பாம்பனில் அடுத்தடுத்து நிற்கும் படகுகளுக்கு நடுவே பழைய டயர் தொங்கும், மோதவிடாமல். பெரிய ஈனியை அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் இந்த டயர்கள் ஒன்றையொன்று இழுக்கவும் செய்யும். இருபுறமும் உள்ள மீத்தைல்களின் ஹைட்ரஜன்களுக்கு இடையே லண்டன் விசை எனும் மெல்லிய ஈர்ப்பு, ஒவ்வொன்றும் சிறிது, கூட்டினால் கணிசம். வேதியியலாளர் லாப்பெர்ட்டின் டைஸ்டானீன், அதாவது இரண்டு வெள்ளீயம் சேர்ந்த சேர்மம், படிகத்தில் 2.77 ஆங்ஸ்ட்ராமில் சேர்ந்திருக்கும். கரைசலில் இரண்டாகப் பிரிந்துவிடும். அந்தப் பிணைப்பு அவ்வளவு மெலிது.

ராமேஸ்வரம், ஆசிரியை: பருமன் தவிர மின்னணு விளைவும் உண்டா?

உண்டு டீச்சர். நைட்ரஜன் வழி இணையும் அமைடு ஈனியை எடுத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜனின் தனி இணை ஜெர்மானியத்தின் காலி பி-க்குள் இறங்கினால், அந்த பி பக்கத்து ஜெர்மானியத்தோடு சேராது. வேதியியலாளர் ஜோன்ஸின் குழு செய்த சேர்மம் ஒன்றில் அப்படித்தான் ஜெர்மானியம்-ஜெர்மானியம் 2.71, வெறும் ஒற்றைப் பிணைப்பு. நைட்ரஜன் மீதிருந்த சிலைல் தொகுதியை இன்னும் பருமனாக்கியதும் நைட்ரஜன் திருகிக்கொண்டது, தனி இணை காலி பி-க்கு நேராக நிற்கவில்லை, பிணைப்பு 2.36-க்கு இறுகியது. பருமனை வைத்தே மின்னணு விளைவை அணைத்தார்கள், எனக்கு மிகப் பிடித்த உதாரணம் இது.

தேவிபட்டினம்: மக்னீசியத்துக்கும் இப்படி உண்டா?

உண்டு. 2007, ஜோன்ஸும் ஸ்டாஷும். மக்னீசியம்-மக்னீசியம் சுமார் 2.85. இரு பல்லால், அதாவது இரண்டு நைட்ரஜனால், பிடிக்கும் ஈனிகள்.

மண்டபம், ஆய்வு மாணவர்: டெர்பினைல் வெள்ளீயக் குளோரைடை ஒடுக்கும்போது (எலக்ட்ரான் ஏற்றும்போது) பச்சை வந்து வெளுத்துவிடுகிறது. எங்கே தப்பு சார்?

முதலில் அளவு. டைஐசோபுரொப்பைல் வகைக் குளோரைடு 1.10 கிராம், அதாவது 2 மில்லிமோல். எலக்ட்ரான் தரும் பொட்டாசியம் கிராஃபைட் அதே 2 மில்லிமோல், 0.27 கிராம். ‘கொஞ்சம் கூட இருக்கட்டும்’ என்று அள்ளிப் போட்டால் எலக்ட்ரான் மேலும் ஏறி எதிரயனி உப்பாகிவிடும்.

வெளுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் காற்று. கடலோர ஈரப்பதத்தில் குளிர் குடுவை வெளியே எடுத்ததும் வியர்க்கும். மூட்டுவாயைத் துடைக்காமல் திறந்தால் அந்தத் துளி உள்ளேதான் போகும். ரப்பர் பலூனில் ஆர்கான் வேண்டாம், ஈரம் அதன் வழியே கசியும். கண்ணாடியை இரவு முழுக்க 120 பாகையில் வைத்து, சூடாகவே பூட்டி, வெற்றிடமும் ஆர்கானும் மூன்று முறை மாற்றுங்கள். வடிகட்டும் சீலைட் பொடியையும் வெற்றிடத்தில் சூடாக்கி உலர்த்த வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கே.

வடிகட்டியில் தங்கும் கறுப்புப் பொடியில் வினைபுரியாத பொட்டாசியம் இருக்கும். தண்ணீர் ஊற்றினால் தீப்பிடிக்கும். ஆர்கானுக்குள் டோலுயீன் விட்டு, ஐசோபுரொப்பனாலைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள்.

கீழக்கரை, அதே மாணவி: எங்கள் கல்லூரியில் கிளவ்பாக்ஸ் (காற்றுப் படாமல் வேலை செய்யும் பெட்டி) இல்லை. கணினியில் செய்யலாமா?

செய்யுங்கள் அம்மா. ஈனியைச் சுருக்கி ஹைட்ரஜனாக்க மட்டும் வேண்டாம். அப்படிச் செய்தால் மிகக் குறைந்த ஆற்றல் வடிவில் ஹைட்ரஜன்கள் இரண்டு வெள்ளீயத்துக்கும் நடுவே பாலமாகப் போய் உட்காரும். நீங்கள் தேடிய மூலக்கூறே இருக்காது. முழு ஈனி, லண்டன் விசைத் திருத்தம், வெள்ளீயத்தின் உள் 28 எலக்ட்ரான்களுக்குப் பதிலாக அவற்றின் விளைவைத் தரும் சார்பியல் மையப் புலம், இந்த மூன்றும் இருக்கட்டும். லண்டன் திருத்தம் போட்டும் போடாமலும் இரண்டு முறை ஓட்டி, பிரியும் ஆற்றலை ஒப்பிடுங்கள். ஈனிகளின் இழுவிசை எவ்வளவு என்பது அந்த வித்தியாசத்தில் தெரியும்.