ஐப்பசி மாசம் படிச்சது: அண்ணாச்சிகிட்ட கேளுங்க

மழை விடாம பெஞ்சதுல இந்த மாசம் படிப்பு நல்லா ஓடுச்சு. வண்ணநிலவன், பூமணி, மாதவையா, புதுமைப்பித்தன், பி.எச். டேனியல், கால்டுவெல்னு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாமதான் எடுத்தேன். கேட்டவங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுதேன். சில கேள்விக்கு நீட்டிப் பேசிருக்கேன், சிலதுக்கு ஒரு வரிதான், கோவிச்சுக்கிடாதிய.

தென்காசி தங்கச்சி: அண்ணாச்சி, கடல்புரத்தில் சின்ன புக்காச்சேன்னு எடுத்தேன், முடிச்சதுல இருந்து மனசு சரியில்ல. உங்களுக்கு எப்படி இருந்துச்சு?

எனக்கும் அப்படித்தாம்மா. வண்ணநிலவன் எழுதி 1977ல வந்த நாவல், மணப்பாட்டுக் கடற்கரைதான் களம். மோட்டார் படகு வச்சிருக்க லாஞ்ச்காரங்களுக்கும் பாய்மரப் படகான வல்லம் வச்சிருக்கவங்களுக்கும் சண்டை முத்துது, அதுக்கு நடுவுல குரூஸ் மிக்கேல் குடும்பம். வல்லத்தையும் வீட்டையும் வித்துட்டு வாங்கன்னு மகன் கூப்பிடுதான், அவருக்கு கடலை விட்டுட்டு வர மனசில்ல. அவரு மக பிலோமிக்கு எவ்வளவோ நடக்கு, ஆனா அவ ஒருத்தரையும் வெறுக்க மாட்டா பாத்தியளா, அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். கெட்டவன்னு ஒருத்தன நிப்பாட்டி வச்சு அடிக்காம இவ்வளவு துக்கத்தைச் சொல்லுதது லேசுப்பட்ட காரியம் இல்ல. இந்த மாசம் படிச்சதுல முழுசா மனசுக்குப் பிடிச்சது இதுதான். ஒண்ணே ஒண்ணு, எந்த நாவலா இருந்தாலும் முன்னுரையைக் கடைசியாப் படிங்க. முன்னுரை எழுதுதவங்க பாதிப் பேரு கதையை அங்கனயே சொல்லிருதாங்க.

பேட்டைத் தம்பி: அசுரன் பாத்துட்டேன், இனி வெக்கை படிக்கணுமா?

படிக்கணும். பூமணியோட வெக்கையை வச்சுத்தான் அசுரன் எடுத்தாங்க. படம் 2019, நாவல் 1982. பதினஞ்சு வயசுப் பையன் ஒருத்தன வெட்டிட்டு ஓடுதான், அப்பனும் மகனும் எட்டு நாள் காட்டுலயும் மேட்டுலயும் ஒளிஞ்சு திரியுதாங்க, அவ்வளவுதான் கதை. எங்க தண்ணி கெடைக்கும், எதைப் பிடிச்சுத் திங்கலாம், எந்தப் பாறைக்கடியில படுக்கலாம், இதுலயே அந்த ரெண்டு பேரு பாசமும் தெரிஞ்சுரும். படத்துல சண்டை பெருசு, நாவல்ல அப்பன் மகன் பேச்சுதான் பெருசு.

மேலப்பாளையம் மாப்ள: வெக்கை பிடிஎஃப் இருக்கா அண்ணாச்சி?

இல்ல. இருந்தாலும் தரமாட்டேன். எழுதுனவரு உழைப்பு அது. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துல கேளு.

வீரவநல்லூர் மதினி: பத்மாவதி சரித்திரம் பழசாச்சே, இப்ப படிக்க முடியுமா?

முடியும் மதினி. 1898ல வந்தது, மாதவையாவுக்குச் சொந்த ஊரு நம்ம பக்கத்துப் பெருங்குளம். வீட்டுக்குள்ள நடக்குற பேச்சு, படிக்கப் போற பயலுவ, பொண்ணுங்களைப் படிக்க வைக்கலாமாங்கிற தர்க்கம், இதெல்லாம் இன்னைக்கும் வேகமாப் போகுது. நடுவுல நடுவுல ஆசிரியரே வந்து புத்தி சொல்லுத எடம் இழுவைதான், அங்கன கொஞ்சம் பொறுமை வேணும். முன்னுரை கடைசியா, மறந்துராதிய.

கல்லிடைக்குறிச்சித் தம்பி: துன்பக்கேணி, எரியும் பனிக்காடு ரெண்டும் படிச்சேன்னு சொன்னியளே, எது ஒசத்தி? என்னைக் கேட்டா டாக்டர் எழுதுனதுதான் நெஜம், மத்தது கதை.

இதுக்குத்தான் நான் காத்துட்டு இருந்தேன். எரியும் பனிக்காடு எழுதுன டேனியல் எஸ்டேட்ல டாக்டரா இருந்தவரு, தொழிற்சங்க வேலையும் பாத்தவரு. 1969ல இங்கிலீஷ்ல எழுதுனத இரா. முருகவேள் தமிழ்ல கொண்டுவந்தாரு. காய்ச்சல்ல ஆளுக சாகுதது, கூலியில பிடிக்கிறது, தோட்டத்துக்கு ஆள் பிடிக்குத மேஸ்திரிகிட்ட வாங்குன முன்பணம் வருசம் ஆனாலும் அடையாம நிக்கிறது, அந்தக் கணக்கெல்லாம் பக்கத்துல இருந்து பாத்த ஆளுக்குத்தான் வரும், ஒத்துக்கிடுதேன். ஆனா துன்பக்கேணியை வெறும் கதைன்னு தள்ளாத. அது 1930கள்ல எழுதுனது, அதுல வார மருதி போறது இலங்கைத் தேயிலைத் தோட்டம். அம்மா பட்ட பாடு மக வெள்ளைச்சி காலத்துக்கும் தொடருதத சில பக்கத்துலயே காட்டிருதாரு புதுமைப்பித்தன். டேனியல்கிட்ட எனக்கு உள்ள கொறை, ஒரே விதமான கொடுமையை அடுக்கிக்கிட்டே போறதுல ஆளுக முகம் சில நேரம் மறைஞ்சுருது. மருதி முகம் மறையவே இல்ல.

பாபநாசம் அக்கா: புதுமைப்பித்தன் வெளிய நின்னு பரிதாபப்பட்டு எழுதுனவருதானே? அடிபட்ட பொண்ணு அதுல எங்க பேசுதா? எங்க ஆச்சி மாஞ்சோலையில இலை பறிச்சவ, அவ இப்படி ஊமையா இருந்தது இல்ல.

நியாயமான கேள்விக்கா, அந்த எடத்துல நீங்க சொல்லுதத ஏத்துக்கிடுதேன். தோட்டத்துல பொம்பளைக தங்களுக்குள்ள பேசுத பேச்சு ரெண்டு புக்குலயுமே கொறைச்சல்தான். உங்க ஆச்சி மாதிரி ஆளுக சொன்னத யாராவது உக்காந்து எழுதணும், நீங்களே எழுதுங்களேன்.

ஆனா பரிதாபம் மட்டுந்தாங்கிறத ஒத்துக்க மாட்டேன். ரெண்டு கதையும் எங்க ஆரம்பிக்குன்னு பாருங்க. துன்பக்கேணி வாசவன்பட்டி, எரியும் பனிக்காடு மயிலோடை. ரெண்டும் நம்ம திருநெல்வேலிச் சீமை. மலையில நடந்த கொடுமையைப் படிச்சுட்டு ஐயோ பாவம்னு எல்லாரும் சொல்லுதோம், இந்தச் சனங்க ஊரை விட்டு எதுக்குக் கெளம்புச்சுங்கிற மொத அத்தியாயங்களைத் தாண்டிப் போயிருதோம். பஞ்சம் ஒரு பக்கம், பண்ணையும் சாதியும் ஒரு பக்கம், ஊருக்குள்ள மானத்தோட பொழைக்க வழி இல்லாமதான் கங்காணி சொல்லும் மேஸ்திரி சொல்லும் இனிச்சுது. வெள்ளைக்காரத் துரையைக் குத்தம் சொல்லுதது லேசு, நம்ம ஊர்த் தெருவைக் கேள்வி கேக்குத பக்கங்கள் அதைவிட முக்கியம்.

அதே கல்லிடைக்குறிச்சித் தம்பி: அது சரி, ஆனா அதெல்லாம் பழைய கதைதானே அண்ணாச்சி.

எலே, பழைய கதையா? சிங்கம்பட்டி ஜமீன் காடு 1929ல குத்தகைக்குப் போய்த்தான் மாஞ்சோலைத் தோட்டம் வந்துச்சு. 1999 ஜூலை 23ஆம் தேதி அந்தத் தோட்டத் தொழிலாளிகளுக்குக் கூலி உயர்வு கேட்டும் ஜெயில்ல இருந்தவங்கள விடச் சொல்லியும் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனவங்கள போலீஸ் அடிச்சு வெரட்டுனதுல, தாமிரபரணியில 17 பேரு செத்தாங்க, அதுல ஒரு கைக்கொழந்தையும் உண்டு. அந்தக் கலெக்டர் ஆபீசு இருக்க கொக்கிரகுளம் பக்கம் போம்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகந்தான். அந்த ரெண்டு புக்கையும் இத மனசுல வச்சுக்கிட்டு இன்னொருக்க படி, பொறவு பேசுவோம்.

நாங்குநேரி அண்ணன்: கால்டுவெல் திருநெல்வேலி சரித்திரத்துல பாளையக்காரங்க பத்தி எழுதுனது சரியா?

1881ல எழுதுன புக்கு, இடையன்குடியில இருந்த மனுசன் ஊர் ஊராத் தெரிஞ்சு எழுதுனது, படிக்க நல்லாவே இருக்கு. ஆனா கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க கண்ணுல பாளையக்காரங்க எப்படித் தெரிஞ்சாங்களோ அந்தப் பார்வை அதுல நெறைய உண்டு. எது சரி, எது தப்புன்னு ஆவணத்தோட வச்சுச் சொல்ல வரலாறு படிச்சவங்க வேணும், என் சோலி கதை நாவல். கல்லூரி வரலாற்றுத் துறையில கேளுங்க.

டவுன் தம்பி: எரியும் பனிக்காடு பிடிஎஃப் கெடைக்குமா? பரதேசி பாத்தா போதுமா?

பிடிஎஃப் பத்தி மேல சொல்லிட்டேன். பரதேசி அந்த நாவலைத் தழுவுன படம்தான், ஆனா படம் போதாது.

முக்கூடல் தங்கச்சி: புதுமைப்பித்தனை எதுல ஆரம்பிக்க?

செல்லம்மாள், அடுத்து சாப விமோசனம், பொறவு துன்பக்கேணி. தொகுப்பு வாங்குதியன்னா ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பிச்சத வாங்குங்க. ஒவ்வொரு கதையும் எப்ப, எந்தப் பத்திரிகையில வந்ததுன்னு குறிப்பு இருக்கும். பிழை மலிஞ்ச மலிவுப் பதிப்பு வேண்டாம், வரியே விட்டுப்போயிருக்கும்.

சங்கரன்கோவில் தம்பி: புதுமைப்பித்தன் எதுல ஆரம்பிக்கலாம்?

மேல இருக்கு, தம்பி. கேக்குறதுக்கு முன்னால ஒருக்க வாசிங்கப்பா.

கயத்தாறு தம்பி: அண்ணாச்சி, பழைய புக்காவது சும்மா கெடைக்குமா?

அதுக்கு வழி இருக்கு. உரிமைக்காலம் முடிஞ்சதும் நாட்டுடைமை ஆனதும் மதுரைத் திட்டம்ங்கிற இணைய நூலகத்துல தேடிப் பாரு, 1998 பொங்கல்ல இருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு பண்ணி ஏத்திக்கிட்டு வாராங்க. தைரியமா எறக்கிக்கிடலாம்.

பாபநாசம் அக்கா: அடுத்த மாசம் என்ன படிக்கிய? ஆச்சி கதையை எழுதிட்டா பாப்பியளா?

ரகுநாதனோட பஞ்சும் பசியும், 1953ல கைத்தறி நெசவாளிகளைப் பத்தி வந்த நாவல். வச்சிருக்கவங்க சேந்து படிக்கலாம். உங்க ஆச்சி கதையை அவ பேசுனபடியே எழுதி அனுப்புங்கக்கா, நாவலை ஓரமா வச்சுட்டு மொதல்ல அதைத்தான் படிப்பேன்.